குன்னூர் காற்றுக்குச் சென்னைக் கணக்கு பொருந்தாது: தேயிலைத் தொழிற்சாலையில் காற்றும் நீராவியும் தண்ணீரும் அளப்பது எப்படி?

ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். எடையில் குறைவது அநேகமாக அத்தனையும் தண்ணீர். அதைச் சுமந்துகொண்டு வெளியே போவது காற்று. அப்படியிருந்தும் பல தொழிற்சாலைகளில் இலையை எடை போடுகிறார்கள், விறகை எடை போடுகிறார்கள், மின் யூனிட்டைக் குறித்து வைக்கிறார்கள், காற்றை மட்டும் அளப்பதில்லை. அளக்கிறவர்களும் மீட்டரில் வந்த எண்ணை அப்படியே நோட்டில் எழுதிவிடுகிறார்கள். நீலகிரியில் அந்த எண்ணில் கால் பங்கு வரை பிழை இருக்கலாம். கருவி புதிதாக, சான்றிதழோடு இருந்தாலும் இந்தப் பிழை வரும்.

காரணம் உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அது 81 அல்லது 82. ஊட்டியில் 78 அளவுக்கு இறங்கிவிடும். கூடலூர் தாழ்வு என்பதால் அங்கே 89, 90 இருக்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சென்னையில் 1.2 கிலோ. அதே கன மீட்டர் குன்னூரில் 0.97 கிலோதான். கணக்கு எளிது:

அடர்த்தி = 3.484 × காற்றழுத்தம் (கிலோபாஸ்கல்) ÷ (வெப்பநிலை + 273)

ஈரப்பதத்துக்குத் தனியாகத் திருத்தம் போட வேண்டியதில்லை. பனி மூடிய நாளிலும் அதனால் வரும் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான்.

காற்றழுத்தத்தைச் செல்போனில் வானிலைச் செயலியைப் பார்த்து எடுக்காதீர்கள். அது குன்னூருக்கும் 1,012 மில்லிபார் (101.2 கிலோபாஸ்கல்) என்றுதான் காட்டும். எல்லா ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் எண் அது. உங்களுக்கு வேண்டியது ஃபேன் ஓடும் இடத்தில் உள்ள உண்மையான அழுத்தம். ஒரு சாதாரண பாரோமீட்டரை வாங்கி, கடல் மட்டத் திருத்தத்தை அணைத்துவிட்டுப் படித்தால் போதும். அதுவும் இல்லையென்றால் ஊரின் உயரத்தை வைத்து மேலே சொன்ன எண்களையே பயன்படுத்தலாம்.

இனி கருவிகள். காற்று அளக்க இங்கே புழங்குபவை மூன்று. மூன்றும் மலைக்காற்றிடம் மூன்று விதமாக நடந்துகொள்ளும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சின்ன காற்றாடி சுழலும் வேன் அனிமோமீட்டர் காற்றின் உண்மையான வேகத்தையே காட்டும். உயரத்துக்காகத் திருத்த வேண்டாம். ஆனால் விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே அதை நம்ப முடியாது.

சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்ப்பது ஹாட் வயர் அனிமோமீட்டர். கம்பியைக் குளிர்விப்பது காற்றின் நிறை. அதனால் மெல்லிய காற்றில் குறைத்துக் காட்டும். 3.0 என்று காட்டினால் குன்னூரில் உண்மையான வேகம் 3.0 × 1.2 ÷ 0.97, அதாவது 3.7. சில மாடல்களில் காற்றழுத்தத்தை உள்ளே பதியும் வசதி உண்டு. அதில் 101 என்றே விட்டுவைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பிட்டோ குழாய், காற்றை எதிர்த்துப் பார்க்கும் மூக்குத் துளைக்கும் பக்கத் துளைகளுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைத்தான் தருகிறது, வேகத்தை நாம் கணக்குப் போட வேண்டும். சமவெளியில், வித்தியாசத்தை மில்லிமீட்டர் தண்ணீர் அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.04 ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும். குன்னூரில், 20 டிகிரி காற்றுக்குப் பெருக்க வேண்டிய எண் 4.5. சூடான காற்றுக்கு இன்னும் கூடும். அந்த வித்தியாசத்தைக் காட்டும் டிஜிட்டல் மானோமீட்டர் தானே வேகம் சொல்கிறது என்றால், அதற்குள் இருப்பது அநேகமாகச் சமவெளி எண்தான்.

ட்ரஃபில் அளப்பது

ட்ரஃப் என்பது பச்சை இலையைக் கம்பி வலை மேல் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றைத் தள்ளி வாட்டும் நீளத் தொட்டி. 60 அடி நீளம், 6 அடி அகலம் கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். படுகை 360 சதுர அடி, அதாவது 33.4 சதுர மீட்டர். சதுர அடிக்கு இரண்டரை கிலோ வீதம் பரப்பினால் 900 கிலோ இலை. கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 கன அடி என்று வைத்தால் 18,000 சி.எஃப்.எம் (நிமிடத்துக்குக் கன அடி), அதாவது விநாடிக்கு 8.5 கன மீட்டர் காற்று வேண்டும். இதைப் படுகை முழுதும் பரப்பிப் பார்த்தால் இலைக்கு மேலே வேகம் விநாடிக்கு 0.25 மீட்டர்தான். வேன் அனிமோமீட்டரை இலை மேல் பிடித்தால் காற்றாடி நகராது. பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

வழி ஒரு கூண்டு செய்வது. சன்பேக் ஷீட்டோ தடித்த அட்டையோ போதும், எடை ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது. கனமாக இருந்தால் இலையை அமுக்கிவிடும், அமுங்கிய இடத்தில் காற்று குறையும். அடிப்பகுதி 60 செ.மீ.க்கு 60 செ.மீ. திறந்த சதுரம். அங்கிருந்து கூம்பாகக் குறுகி மேலே 20 செ.மீ. விட்டமுள்ள, 40 செ.மீ. நீளக் குழாயில் முடிய வேண்டும். அடி விளிம்பு நெடுகப் பஞ்சுப் பட்டையை ஒட்டுங்கள். பரப்பு 0.36 சதுர மீட்டரிலிருந்து 0.0314 ஆகச் சுருங்குவதால் வேகம் பதினொன்றரை மடங்காகும். 0.25 இப்போது 2.9 ஆகிவிடும். வேன் நன்றாகச் சுழலும்.

குழாயை இன்னும் சிறிதாக்கினால் எண் இன்னும் தெளிவாக வருமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 20 செ.மீ. குழாயில் எதிர் அழுத்தம் 4 பாஸ்கல் அளவு, அது இலைப் படுகையின் தடைக்கு முன்னால் சிறியது. 15 செ.மீ. ஆக்கினால் அது 12 பாஸ்கலுக்கு மேல் போகும். காற்று கூண்டைத் தவிர்த்துப் பக்கத்து இலை வழியாக நழுவிவிடும், நீங்கள் குறைத்து அளப்பீர்கள்.

ட்ரஃபின் நீளத்தில் நாலு இடம், அகலத்தில் மூன்று இடம் என்று பன்னிரண்டு இடத்தில் கூண்டை வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் குழாய் வாயின் நடுவிலும் நாலு ஓரத்திலும் வேனை மெதுவாக நகர்த்தி 30 விநாடி சராசரி எடுங்கள். நடுவில் மட்டும் பிடித்தால் கூடுதலாகக் காட்டும். வேனில் உள்ள அம்புக்குறி காற்றுப் போகும் திசையில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டின் சராசரி 2.6 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.6 × 0.0314 ÷ 0.36 என்றால் படுகை வேகம் 0.227. அதை 33.4 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 7.6 கன மீட்டர் காற்று இலை வழியாகப் போகிறது. நிறையில் 7.6 × 0.97, சுமார் 7.4 கிலோ. இதே ஃபேன் சமவெளியில் இதே கன அளவைத் தள்ளியிருந்தால் 9 கிலோவுக்கு மேல் போயிருக்கும். ஃபேன் தள்ளுவது கன அளவை, இலைக்கு வெப்பம் கொண்டுபோவது நிறை. ஃபேன் கேட்லாகில் உள்ள சி.எஃப்.எம். எண் இங்கேயும் உண்மைதான், ஆனால் அது சுமக்கும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் அதே காரணத்தால் குறைந்திருக்கும். அதைப் பார்த்து ஃபேனுக்கு வேலை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்து ஃபேன் உறிஞ்சும் பக்கம். அங்கே காற்று சுழன்று வருவதால் ஃபேன் வாயில் நேராக அளக்க முடியாது. 1.5 மீட்டர் சதுரத்தில் ஒரு ப்ளைவுட் பெட்டியை உறிஞ்சும் வாயில் பொருத்தி, அதன் முகப்பில் கயிறு கட்டி 25 கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு எண். கையை நீட்டி முகப்பில் உடம்பை வைத்து மறைக்காமல், வேனை ஒரு கம்பியில் கட்டிப் பிடியுங்கள். தளர்ந்த துணி, துண்டு, சால்வை எதுவும் மேலே இருக்கக் கூடாது. சராசரி 3.9 என்றால் 3.9 × 2.25, அதாவது 8.8 கன மீட்டர். இலை வழியாகப் போவது 7.6. மீதி 1.2 கன மீட்டர், பதினான்கு சதவீத அளவு, எங்கோ ஒழுகுகிறது.

எங்கே என்று தேட ஊதுபத்தி போதும். முதலில் ட்ரஃபின் அடிக் கதவு, அடுத்து கம்பி வலை பக்கச் சுவரோடு சேரும் ஓரம், அப்புறம் ஃபேனுக்கும் ட்ரஃபுக்கும் நடுவில் உள்ள கேன்வாஸ். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான். அடிக் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டுவது பெரிய ஃபேன் வாங்குவதைவிட மலிவு.

பன்னிரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்ப்பதிலும் பயன் உண்டு. ஃபேன் பக்கம் குறைந்தும் கடைசி முனையில் கூடியும் இருந்தால் வியக்க வேண்டாம். முனையில் காற்று நின்றுபோய், அதன் வேகம் அழுத்தமாக மாறுகிறது. அதனால்தான் கடைசி இலை முதலில் வாடுகிறது. ஃபேன் பக்கத்தில் காற்றைப் பரத்தும் தகடுகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் திடீரென்று உயர்ந்தால் அங்கே இலை மெலிந்திருக்கும், காற்று முழுதும் அந்த ஓட்டையைத் தேடி ஓடும். அதற்கு மருந்து இலையைக் கலைத்துச் சமமாகப் பரப்புவதுதான்.

எப்போது அளக்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பரப்பிய உடனே ஒரு எண், ஆறு மணி நேரம் கழித்து வேறு எண். இலை வாட வாடத் தடை குறைந்து காற்று கூடும். அக்டோபர், நவம்பர் மழையில் நனைந்து வந்த இலையில் அளந்ததை ஜனவரி இலையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டிலும் படுகையின் அடியில் நிலை அழுத்தத்தையும் எடுத்துவைத்தால் ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும். அதற்கு ட்ரஃபின் சுவரில் மூன்று மில்லிமீட்டர் துளை, உள்பக்கம் பிசிறு இல்லாமல் அரம் போட்டிருக்க வேண்டும்.

டிரையருக்குப் போகும் சூடான காற்று

ஹீட்டருக்கும் டிரையருக்கும் நடுவில் காற்றைக் கொண்டுபோகும் டக்டில் பிட்டோ குழாய்தான் சரி. வேனும் ஹாட் வயரும் அந்தச் சூட்டுக்கு ஆகாது. டிரையரின் வெளியேற்றப் பக்கம் இன்னும் மோசம், தேயிலைப் பஞ்சு பறந்து வந்து கம்பியில் படிந்துவிடும், காற்றாடியின் அச்சில் சுற்றிக்கொள்ளும். பிட்டோவின் பக்கத் துளைகளையும் அது அடைக்கும். ஒவ்வொரு முறையும் மெல்லிய தூரிகையால் துடையுங்கள்.

வளைவு, டேம்பர் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) இரண்டையும் கடந்து, டக்டின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நேரான நீளத்துக்குப் பிறகு துளை போடுவது நல்லது. நம் தொழிற்சாலைகளில் அவ்வளவு நேர் டக்ட் கிடைப்பது அரிது. கிடைக்கிற நீளத்தில் பின்பக்க வளைவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு போய், அளக்கும் புள்ளிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு துளை, ஒவ்வொன்றும் 10 மி.மீ. விட்டம். 60 செ.மீ. வட்ட டக்டுக்கு ஒரு துளையில் ஆறு புள்ளிகள்: உள்சுவரிலிருந்து 19, 81, 193, 407, 519, 581 மி.மீ. பிட்டோ தண்டில் இந்த அளவுகளை முதலிலேயே கீறி வையுங்கள். பக்கத்தில் நின்று டேப் பிடித்துக்கொண்டிருக்கும் சூடு அல்ல அது. மூக்கு காற்றை எதிர்த்து நேராகப் பார்க்க வேண்டும், பத்து டிகிரிக்கு மேல் திரும்பினால் எண் கெடும்.

தொடங்கும் முன் ரப்பர்க் குழாய்களைச் சோதியுங்கள். மெதுவாக ஊதி முனையைக் கிள்ளிப் பிடித்தால் மானோமீட்டர் எண் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஓட்டை. குளிர் காலை என்றால் குழாய்க்குள் ஈரம் தேங்கும், ஊதி வெளியேற்றுங்கள். மானோமீட்டரை அளக்கும் இடத்திலேயே பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பூஜ்ஜியம் செய்யுங்கள். விநாடிக்கு ஐந்து மீட்டருக்குக் கீழே பிட்டோ வேண்டாம். அழுத்தம் 12 பாஸ்கலுக்கும் கீழே போய்விடும், கருவியின் தடுமாற்றமே அந்த அளவு இருக்கும்.

பன்னிரண்டு அழுத்தங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, பிறகு வர்க்கமூலம் எடுப்பது பரவலான தவறு. 4 மி.மீ., 16 மி.மீ. என்று இரண்டு எண் இருந்தால் சராசரி 10, வர்க்கமூலம் 3.16. சரியான வழியில் முதலில் வர்க்கமூலம்: 2, 4. பிறகு சராசரி: 3.

130 டிகிரியில் குன்னூர்க் காற்றின் அடர்த்தி 0.705. அப்போது பெருக்க வேண்டிய எண் 5.28. சராசரி வர்க்கமூலம் 3.0 என்றால் வேகம் 15.8, டக்டின் பரப்பு 0.283 சதுர மீட்டர், ஓட்டம் விநாடிக்கு 4.5 கன மீட்டர், நிறை 3.2 கிலோ. இதே அழுத்தத்துக்குச் சமவெளியின் 4.04 ஐப் போட்டால் 3.4 கன மீட்டர் என்று குறைவாக வரும். அதை 1.2 ஆல் பெருக்கினால் நிறை 4.1 கிலோ என்று கூடுதலாக வரும். ஒரே அளவீட்டில் கன அளவு கால் பங்கு குறைந்தும், நிறை 30 சதவீதம் கூடியும் தெரிவது இப்படித்தான்.

எது உண்மை என்று விறகைக் கேட்கலாம். 3.2 கிலோ காற்றை 20 டிகிரியிலிருந்து 130 வரை ஏற்ற 350 கிலோவாட் அளவுக்கு வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல், ஹீட்டரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் மணிக்கு 140 கிலோ விறகு. அடுப்பில் போவதை இரண்டு மணி நேரம் எடை போட்டுப் பாருங்கள். 140 இருக்க வேண்டிய இடத்தில் 190 போனால் விறகு ஈரமாக இருக்கலாம், அல்லது ஹீட்டர் குழாய்களில் கரி படிந்திருக்கலாம். 90 தான் போகிறதென்றால் உங்கள் காற்றுக் கணக்கு தப்பு.

காற்று திடீரென்று பாதியாகக் குறைந்தால், அளப்பதற்கு முன் ஃபேன் சுற்றும் திசையைப் பாருங்கள். புயலில் கம்பம் சாய்ந்து லைன் சரி செய்யும்போது ஃபேஸ் மாறிவிடுவது மலையில் சாதாரணம். ட்ரஃபின் ஆக்சியல் ஃபேன் திசை மாறினால் இலையை மேலே தள்ளாமல் கீழே இழுக்கும், உடனே தெரிந்துவிடும். டிரையரின் செண்ட்ரிஃபியூகல் ஃபேன் அப்படியல்ல. தலைகீழாகச் சுற்றினாலும் அதே பக்கம்தான் ஊதும், ஆனால் பலம் இருக்காது. சத்தம் கேட்கும், காற்றும் வரும், தூள் மட்டும் காயாது.

கம்ப்ரெஸரும் நீராவியும்

தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் வைத்திருப்பவர்கள் கம்ப்ரெஸர் வாங்கும்போது ஏமாறுவது இதே உயரத்தால். பெயர்ப்பலகையில் 60 சி.எஃப்.எம். என்றால் அது உறிஞ்சும் இடத்துக் காற்று. குன்னூரில் அது சமவெளிக் கணக்கில் 48 தான். சார்ட்டருக்குத் தேவை என்று சொல்லும் எண் எந்தக் காற்றில் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். இருக்கிற கம்ப்ரெஸரைச் சோதிக்க, டேங்கின் வெளிவால்வை மூடி, 2 பாரிலிருந்து 6 பார் ஏற எத்தனை விநாடி என்று பாருங்கள். 500 லிட்டர் டேங்க் 90 விநாடியில் ஏறினால் 4 ÷ 0.815 × 0.5 ÷ 1.5, அதாவது நிமிடத்துக்கு 1.64 கன மீட்டர், 58 சி.எஃப்.எம். இங்கே 0.815 என்பது குன்னூரின் காற்றழுத்தம், பார் அளவில். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள், அது டேங்கின் கொள்ளளவைத் தின்றுவிடும்.

சிறிய பாய்லருக்கு நீராவி மீட்டர் மாட்டுவதைவிட உள்ளே போகும் தண்ணீரை அளப்பதே மேல். ஃபீட் லைனில் சூடு தாங்கும் வாட்டர் மீட்டர். ஷிஃப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பாய்லரின் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ப்ளோ டவுனில், அதாவது அழுக்கு போகப் பாய்லரிலிருந்து திறந்து விட்டதைக் கழித்துவிட்டால் மீதி நீராவி. ஃபீட் தண்ணீரைச் சூடேற்றும்போது கவனம் வேண்டும்: குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. 90 டிகிரித் தண்ணீருக்குச் சமவெளியில் பம்பின் வாயில் கொதிக்காமல் காக்கும் அழுத்த இடைவெளி மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும், இங்கே 1.2 மீட்டர்தான். பம்ப் ஆவியை இழுத்துக் கடகடவென்று சத்தம் போடும், மீட்டர் தாறுமாறாக ஓடும். ஃபீட் டேங்கை உயர்த்துங்கள், அல்லது 80 டிகிரியில் நிறுத்துங்கள். நீராவிக் குழாயில் துளைத் தகடு வைத்து அளக்கும் ஆரிஃபிஸ் மீட்டர் இருந்தால், முழு அழுத்தம் கிடைக்கக் கேஜ் அழுத்தத்தோடு 1.01 பார் அல்ல, 0.815 பார் கூட்ட வேண்டும். 7 பாரில் இதன் விளைவு சிறிது, 1 பார் நீராவியில் அழுத்தக் கணக்கே பத்து சதவீதம் மாறும்.

தண்ணீர்

ஊற்றுத் தண்ணீர் மலைச்சரிவில் குழாயில் வரும் இடங்களில் மீட்டரை நம்புமுன் குழாய் நிறைந்து ஓடுகிறதா என்று பாருங்கள். கோடையில் ஊற்று மெலியும்போது காற்றும் சேர்ந்து வரும். காற்று மீட்டரைத் தண்ணீரைவிட வேகமாகச் சுழற்றும், வராத தண்ணீருக்குக் கணக்கு ஏறும். குழாய் மேடேறும் முகட்டில் ஏர் வால்வு, மீட்டர் இருக்க வேண்டியது மேல்நோக்கிப் போகும் பகுதியில். குழாய்க்கு வெளியே கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் புதுக் குழாயில் நன்றாக வேலை செய்யும். உள்ளே துரு ஏறிய பழைய ஜி.ஐ. குழாயில் சிக்னலே கிடைக்காது.

நீலகிரித் தைலம் காய்ச்சும் இடங்களில் குளிர்விக்கும் தண்ணீருக்குப் பக்கெட்டும் ஸ்டாப் வாட்ச்சும் போதும். 20 லிட்டர் பக்கெட் நிறைய 20 விநாடிக்குக் குறைந்தால் பெரிய டிரம்மை வையுங்கள், கை தாமதமே அஞ்சு சதவீதம் ஆகிவிடும்.

ஓடையாக வரும் தண்ணீருக்கு வி நாட்ச், அதாவது ஓடைக்குக் குறுக்கே வைக்கும் V வடிவ வெட்டுள்ள தகடு. 90 டிகிரி வெட்டிய தகடு, விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல், சரிவு தண்ணீர் விழும் பக்கமாக. ஓட்டம் (விநாடிக்குக் கன மீட்டர்) = 1.38 × மட்டத்தின் இரண்டரை அடுக்கு, மட்டம் என்பது வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீரின் உயரம், மீட்டரில். மட்டம் 10 செ.மீ. என்றால் விநாடிக்கு 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். மட்டத்தை வெட்டின் வாயில் எடுக்கக் கூடாது, அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும். மட்டத்தைப் போல் நாலு மடங்கு தூரம் பின்னால், அமைதியாக நிற்கும் இடத்தில் எடுங்கள். 10 செ.மீ. மட்டத்தில் 5 மி.மீ. தவறினாலே ஓட்டம் எட்டில் ஒரு பங்கு மாறிவிடும், அதனால் அளவுகோலின் பூஜ்ஜியத்தை வெட்டின் அடிமுனையோடு மட்டக்குழாய் வைத்துச் சரிபாருங்கள். விழும் தண்ணீருக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டும், தகட்டை ஒட்டிக்கொண்டு வழிந்தால் கணக்கு பொருந்தாது. மழைக்குப் பிறகு பின்பக்கம் மண்ணும் இலைச்சருகும் சேரும். தொட்டி மேடாகிவிட்டால் தண்ணீர் வேகத்தோடு வந்து மட்டத்தைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாரி எடுத்துவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு அளவை எடுங்கள்.